கோழி அல்லாதது

இரவு எட்டுக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு
அருமனையில், வீட்டு மாடி அறையிலிருந்து
நான் பார்த்தேயிராத கோழிகளின் தொண்டைக்குள் இறங்குவேன்.

ஒரு துண்டு பத்து நொடி.
தும்மல் என்றால் ஒன்றை அமுக்க வேண்டும்.
சீறல், இரண்டு.
குளிரில் ஒண்டும் குஞ்சின் கீச்சல் மூன்று;
கூராக ஏறி, முனையில் கொஞ்சம் உடையும் அது.
தீனி தின்று, இறகைத் தளர்த்தி
உள்ளுக்குள்ளேயே முனகுமே,
அதற்கு எண் கிடையாது.
துண்டுக்கு நாற்பது பைசா.

கழிச்சல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே
குரலில் தெரிந்துவிடுமாம்.
நான் குறித்ததையெல்லாம் வைத்து மெஷின் படித்துக்கொள்ளும்,
பிறகு நீ வேண்டாம், பிள்ளே.
அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார் டென்னிசன் சார்.

ஷெட்டுக்குப் பெயர் இல்லை. கே-ஏழு.
நாலாயிரம் குஞ்சு, தகரக் கூரை.
ஜூனில் மழை இறங்கிய இரவுகளில்
தகரத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.
எழுநூறு துண்டு, எழுநூறும் 'தெளிவில்லை'.
நோய் வருவதானால்
மழை தோர்ந்த நேரம் பார்த்துத்தான் வர வேண்டும்.

பதினொன்றாம் நாள், இரவு இரண்டே கால்.
ஒரு இருமல்.
ஒன்றுக்குப் போன விரல் நின்றது.
கோழிக்கு இவ்வளவு பெரிய நெஞ்சு கிடையாது.
அடியிலிருந்து கிளம்பி, பாதியில் வழுக்கி,
மறுபடி ஏறி, காறி,
'எனக்க யேசுவே' என்று முடிந்தது.

பட்டியலில் தேடினேன்.
மின்விசிறி இருந்தது. ஜெனரேட்டர், நாய், பைக்கூட இருந்தது.
ஆள் இல்லை.
'கோழி அல்லாதது' என்று குறித்தேன்.
அதற்கும் நாற்பது பைசா.

அதன்பிறகு தினமும் வந்தது.
'நெருக்காதே மக்களே, செத்துப்போவே'
என்று குஞ்சுகளிடம் சொல்வார்.
போனில் யாரிடமோ
சிட்டிப் பணத்துக்கு ஒரு வாரம் தவணை கேட்பார்.
எச்சத்தின் நெடி ஒலியில் வராது.
அவர் மூச்சை இழுத்த இழுப்பில் எனக்குக் கண் கரித்தது.

இருபதாம் நாள் மெஷின் தானாகவே கத்தியது:
கே-ஏழு, சுவாச நோய், தீவிரம்.
ஜீப் வந்த சத்தம். டாக்டரின் செருப்பு.
நாலு கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
'ஒண்ணுமில்லையே' என்றார்.
பக்கத்தில் நின்று அவர் இருமினார்.
'எதுக்கும் தண்ணியில மருந்து கலக்கி வையும்,
கோழிக்கு.'

அன்று விடிகாலை ஐந்துக்கு
ஹெட்போனுக்குள் கோயில் மணி அடித்தது.
இரண்டாவது அடி செத்து விழும் மணி.
எங்கள் கோயில் மணி.
பத்து வருடமாக அதைக் கேட்டு எரிச்சல்பட்டவள் நான்.
அப்படியானால் கே-ஏழு
எங்கேயோ இல்லை.
ரப்பர் விளையைத் தாண்டி, அந்தச் சரிவில்.

போகவில்லை.
போய் என்ன சொல்ல?
உம்ம நெஞ்சு எனக்குப் பழக்கம் என்றா?

முப்பத்தெட்டாம் நாள் ராத்திரி லாரி வந்தது.
கூண்டுக் கதவுகள். கால்களைச் சேர்த்துப் பிடித்த கைகள்.
நாலாயிரமும் ஒரே குரலாக.
அந்தத் துண்டுகளை விட்டுவிடு என்று செய்தி வந்தது,
அது நோய் இல்லை, பயம்,
மெஷின் குழம்பிவிடும்.

மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள்.
மறுநாள் காலி ஷெட். மண்வெட்டி தரையை வறண்டும் ஓசை.
விசிறி கூட நின்றிருந்தது.
அவர் இருமினார்; சுவர் அதைத் திருப்பி இருமியது.
திரையில் பச்சையாக: கே-ஏழு, நலம்.

இரண்டை அமுக்கினேன்.
அடுத்த துண்டுக்கும் இரண்டு.
ஜீப் இன்னொருமுறை வந்தால் தேவலை என்று
விடியும்வரை இரண்டு.

காலையில் டென்னிசன் சார் கூப்பிட்டார்.
'அங்க கோழியே இல்லியே, பிள்ளே?'
'இல்ல சார்' என்றேன்.
'கோழி இல்ல.'